இழுக்கிற நோவும் குத்துற நோவும்

1996 ஜனவரி 9, செவ்வாய்க்கிழமை. வலது தொடை ஐம்பத்தெட்டு சென்ரிமீற்றர், இடது தொடை ஐம்பத்திரண்டு. தையல் நாடாவால், ட்ராக் காற்சட்டைக்கு மேலாகவே அளந்து சுபாங்கி அதை ஒரு அட்டையில் எழுதினாள். அளக்கப்பட்டவன் பெயர் ரஜிதன். வயது இருபத்தொன்பது, ஊர் மட்டக்களப்பு. ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுண் குடியிருப்பில் பதினேழாம் மாடியில் இன்னும் மூன்று பேரோடு குடியிருந்தான்.

"ஆறு சென்ரிமீற்றர் வித்தியாசம், ரஜிதன் அண்ணா. ஒண்டு ரெண்டு எண்டா நோர்மல். இந்தக் காலில ஏதும் அடிபட்டதோ?"

"சின்னனில சைக்கிளால விழுந்தனான், தங்கச்சி."

"எலும்பு முறிஞ்சதா?"

"இல்ல. கம்பி வேலி கீறினது. அவ்வளவுதான்."

சுபாங்கி அதையும் எழுதினாள். பத்து வயதில் ரொறன்ரோவுக்கு வந்தவள். பல்கலைக்கழகத்தில் உடலியக்கம் படித்துக்கொண்டே, செவ்வாயும் வியாழனும் மாலையில் அந்தக் குடியிருப்புச் சமூக நிலையத்தின் நிலக்கீழ் உடற்பயிற்சிக் கூடத்தைப் பார்த்துக்கொண்டாள். இந்த அண்ணா அரைக் காற்சட்டை போட மறுப்பது கூச்சத்தால் என்றே நினைத்தாள். ஊரிலிருந்து வந்த ஆண்கள் பலர் அப்படித்தான்.

கூச்சமும் இருந்தது. ஆனால் காற்சட்டை மறைத்தது வேறொன்றை. 1990 ஆனி மாதம், ஊரில் கூட்டுறவுக் கடையில் அரிசிக்கு வரிசையில் நின்றபோது ஷெல் விழுந்தது. ரஜிதனுக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் எழும்பவில்லை. அவனுடைய இடது தொடையின் பின்பக்கத்திலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்தார்கள். மற்றவை உள்ளே கிடக்கட்டும் என்று தைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து முடிந்திருந்தது.

கனடாவுக்கு வந்து அகதி விசாரணைக்கு நின்றபோது, படிவம் நிரப்பிக் கொடுக்கும் அமிர்தநாதர் அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டுத் தலையிலடித்துக்கொண்டார். "தம்பி, உதைக் காட்டினியெண்டா உன்னை இயக்கத்தில ஆயுதம் தூக்கினவன் எண்டுதான் நினைப்பாங்கள். அரிசி வாங்கப் போனவன் எண்டு ஆர் நம்புவான்? சைக்கிளால விழுந்தது. விளங்கிச்சோ? சைக்கிள்!"

மருத்துவப் பரிசோதனையில் ரஜிதன் சைக்கிள் என்றான். வைத்தியரும் அப்படியே எழுதினார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் அது சைக்கிள்தான்.

இப்போது அவனுக்கு வேண்டியது ஒரு கடிதம். அம்மா புஸ்பராணியையும் தங்கை சஜிதாவையும் கனடாவுக்குக் கூப்பிட வேண்டும். அம்மாவின் விண்ணப்பத்தோடு சஜிதா வருவதென்றால் அவளுக்குப் பத்தொன்பது ஆவதற்கு முன் அது போய்ச் சேர வேண்டும். ஆகஸ்ட் மூன்றாம் தேதி பத்தொன்பது. நிரந்தர வேலைக் கடிதம் இல்லாமல் அனுப்பினால் வருமானம் காணாதென்று திருப்பிவிடுவார்கள் என்று அமிர்தநாதர் சொல்லியிருந்தார். ரஜிதன் ஸ்காபரோவில் ஒரு தளபாடக் களஞ்சியத்தில் நாலு வருடமாகப் பெட்டி ஏற்றினான், ஏஜென்சி மூலம், நாள் கூலிக்கு. வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் மாதத்தில், ஆறு பேரை நிரந்தரமாக்குவார்கள். அதற்கு ஒரு தேர்வு. எண்பது இறாத்தல் பெட்டியை நிலத்திலிருந்து நெஞ்சு உயரத் தட்டுக்கு இருபது தரம் தூக்க வேண்டும், பத்து நிமிடத்துக்குள். சென்ற வருடம் பதின்மூன்றாவதில் பெட்டி வலப்பக்கம் சரிந்து அவன் கையை விட்டுப் போனது.

ஏன் சரிந்தது என்பதைச் சுபாங்கி முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். பாரம் இல்லாத வெறும் தடியைத் தோளில் வைத்து அவனை இருந்து எழும்பச் சொன்னாள். கண்ணாடியில் அவனே பார்த்தான். கீழே போகப் போக இடுப்பு வலது பக்கம் ஓடியது.

"இடது பின்தொடை இறுக்கிப் பிடிக்குது. அதால வலது கால்தான் முழு வேலையும் செய்யுது. செய்யச் செய்ய அது இன்னும் பெலக்கும், இது இன்னும் மெலியும். முதல் இறுக்கத்தை இளக்கவேணும். பிறகு ஒவ்வொரு காலாத் தனித்தனிய. எப்பவும் இடது முதல். இடது எட்டுத்தரம் செய்தா வலதும் எட்டுத்தான். ஒன்பது செய்ய ஆசை வரும், செய்யக்கூடாது."

இளக்குவதற்கு மூன்று வேலை தந்தாள். மல்லாந்து படுத்து, தலை துடைக்கிற துவாயைப் பாதத்தில் மாட்டிக் காலை நேராக உயர்த்தி முப்பது விநாடி பிடிப்பது. பிறகு குதியால் துவாயை எதிர்த்து ஆறு விநாடி அழுத்திவிட்டு, தளர்த்தி, இன்னும் கொஞ்சம் மேலே இழுப்பது. கடைசியாக ஒரு ரெனிஸ் பந்தைத் தொடைக்குக் கீழே வைத்து உருட்டுவது.

"ஒண்டு முக்கியம், அண்ணா. இழுக்கிற நோ எண்டா ஓகே. குத்துற நோ எண்டா உடனே ஸ்ரொப். உங்களுக்கு என்ன மாதிரி?"

குத்தியது. பந்து ஒரு இடத்தைத் தாண்டும்போது உள்ளே கடினமாக ஏதோ புரண்டது. அங்கிருந்து குதிக்கால் வரைக்கும் மின்சாரம் போலப் போனது.

"இழுக்கிற நோதான்," என்றான் ரஜிதன்.

அறைத்தோழன் மகேஸ்வரனும் அங்கே வருவான், பாரம் தூக்குவதைவிடப் பகிடி விடுவதற்கு. ஒற்றைக் காலில் இருந்து எழும்பும் ரஜிதனைச் சுற்றி நடந்தான்.

"என்ன மச்சான், மீனுக்குக் காவல் நிக்கிறியோ? கொக்கு தோத்துது!"

"போடா."

"அதுசரி, உனக்கு வேர்த்து ஒழுகுது, அந்தக் காற்சட்டையைக் கழட்டினாத்தான் என்ன? தொடையில பொம்பிளைப் பேரேதும் பச்சை குத்தி வைச்சிருக்கிறியோ?"

கூடம் முழுவதும் சிரித்தது. ரஜிதனும் சேர்ந்து சிரித்தான்.

ஐந்து வாரத்தில் இடது தொடை ஐம்பத்துமூன்றரை ஆனது. இடுப்பு ஓடுவது குறைந்தது. தூக்கிப் பார்த்தபோது எண்பது இறாத்தல் பதினேழு தரம் போனது. சுபாங்கி அட்டையில் பெரிய சரி ஒன்று போட்டாள். "கலக்கிறீங்கள் அண்ணா! இப்பிடியே மெல்ல மெல்ல."

மெல்லப் போக அவனுக்கு நாளில்லை. அவள் மூன்று தரம் செய்யச் சொன்ன நீட்டலைப் பத்துத் தரம் செய்தான், காலை வேலைக்கு முன்னும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் களஞ்சியத்துக் கழிப்பறையிலும். மார்ச் ஐந்தாம் தேதி மாலை, கூடத்தில், துவாயை எட்டிப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தான். தொடைக்குள் சீலை கிழிவது போல ஒரு சத்தம். மற்றவர்களுக்குக் கேட்கவில்லை.

"என்ன அண்ணா, முகம் வெளிறிப்போச்சு?"

"ஒண்டுமில்ல. தண்ணி குடிச்சிட்டு வாறன்."

அன்றிரவு முழங்காலுக்குப் பின்னால் கறுநீலமாக இரத்தம் இறங்கியிருந்தது. புதனும் வியாழனும் வேலைக்கு லீவு எடுத்து ஐஸ் வைத்தான். யாருக்கும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தேர்வு. பதினொரு பேர் சுற்றி நின்றார்கள், மேற்பார்வையாளர் கையில் நிறுத்தற்கடிகாரம். ரஜிதன் நாலு நோ மாத்திரை போட்டிருந்தான். முதல் ஆறு நன்றாகப் போயின. ஏழிலிருந்து வலது காலால் தூக்கினான், பத்திலிருந்து முதுகு நாரியால் தூக்கினான். பதினாலாவதில் இடது கால் அவன் சொல் கேட்கவில்லை. பெட்டியோடு விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் ஐந்து வெள்ளைப் பொட்டுகள். ஒன்று காலுக்குப் போகும் பெரிய நரம்போடு ஒட்டிக் கிடந்தது. பழைய தழும்போடு சேர்ந்து வளர்ந்திருந்த தசை கிழிந்துவிட்டது என்றார் வைத்தியர். எப்படிக் காயப்பட்டது என்று கேட்டார்.

"சைக்கிள்," என்றான் ரஜிதன்.

வைத்தியர் படத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு வெளியே போய்விட்டார்.

மறுநாள் மகேஸ்வரன் சுபாங்கியையும் அமிர்தநாதரையும் கூட்டி வந்தான். எக்ஸ்ரே விஷயத்தைத் தாதியிடம் கேட்டறிந்த சுபாங்கியின் கண் சிவந்திருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்தக் காலை இழுக்கவே விட்டிருக்க மாட்டன். பந்து தந்திருக்கவே மாட்டன். ஐ ஆஸ்க்ட் யூ, அண்ணா. குத்துதோ எண்டு கேட்டனான்தானே?"

"நீங்க அட்டையில எழுதுவீங்க, தங்கச்சி."

"அது ஜிம் மேசை லாச்சிக்குள்ள கிடக்கிற அட்டை! அதை ஆர் பாக்கப் போறாங்கள்?"

அமிர்தநாதர் கட்டில் ஓரத்தில் குந்தினார். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார். "தம்பி, உனக்கு இஞ்ச நிரந்தரமா இருக்க லாண்டட் கிடைச்சு மூண்டு வருஷமாச்சு. நான் விசாரணைக்குத்தானே அப்பிடிச் சொன்னனான்."

"எப்ப சொல்லலாமெண்டு நீங்க சொல்லல்லையே, அண்ணை."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழும்பினார்.

நரம்போடு ஒட்டிய துண்டை எடுக்கப் போனால் கால் போகலாம் என்று விட்டுவிட்டார்கள். ரஜிதன் மூன்று மாதம் ஊன்றுகோலோடு நடந்தான். களஞ்சியம் வேறு ஆறு பேரை நிரந்தரமாக்கியது. காயம் பழையது என்று வேலைக் காப்புறுதி கைவிரித்தது. ஏஜென்சி பிறகு அவனைக் கூப்பிடவில்லை.

விண்ணப்பம் போகாமலே ஆகஸ்ட் மூன்று கடந்தது. மகளைத் தனியே விட்டுத் தான் வரமாட்டேன் என்று அம்மா தொலைபேசியில் சொன்னாள். வயதுக்கு வந்த பெண்ணை அந்த யுத்த நிலைமையில் வீட்டில் வைத்திருக்கவும் அவளுக்குப் பயம். கார்த்திகையில் களுவாஞ்சிகுடியில் சஜிதாவுக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு முப்பத்தெட்டு வயது.