சைக்கிளுக்குக் குனியத் தெரியாது

நான் பேசி வென்ற மேடைகள் பல. கோப்பைகள் வீட்டில் ஓர் அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் நினைத்த மாத்திரத்தில் முகம் சுடுகிற வெற்றி ஒன்றே ஒன்றுதான். ஓடுகிற ரயிலில், ஒரு சைக்கிள் விளக்குக்காக வாதாடிப் பெற்ற வெற்றி அது.

பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸிலிருந்து ஸ்டேஷனுக்கு நான் சைக்கிளில் போகிறவன். பெங்களூர் ரயிலைப் பிடிக்க இருட்டோடு கிளம்ப வேண்டும். அந்தச் சாலையில் தெருவிளக்குகள் எரிவதில்லை; ஒரு பக்கம் நெடுக சயனைடு மேடு, சுரங்கம் கொட்டிய கழிவு மண். போன மார்கழியில் ஒரு புது விளக்கு வாங்கி மாட்டினேன். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் நிலையாக எரியும். மறுமுறை அழுத்தினால் வெட்டி வெட்டி மின்னும். மின்னவிட்டு ஓட்டினால் எதிரே வரும் ஆட்டோக்கள்கூட ஒதுங்கின. அவை ஒதுங்கியது எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டேஷன் திருப்பத்துக்கு எதிர்த்திசையிலிருந்து ஓர் அக்கா தினமும் நடந்து வருவார். பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸில் காலர் தைப்பவர். சாலை நேரானது; இருவரும் திருப்பத்தை அடையும்வரை என் விளக்கு அவர் முகத்தின் மேலேயே மின்னிக்கொண்டிருக்கும். ஒருநாள் ரயில் பெட்டியில் என் இருக்கையருகே வந்து நின்றார்.

“தம்பி, அந்த லைட்ட விட்டு விட்டு எரியாம வைங்களேன். எனக்கு ஒத்தத் தலைவலி கீது. அதப் பாத்துட்டா அன்னிக்குப் பூரா போச்சு. மெஷின்ல உக்காந்தா ஊசி ரெண்டு ரெண்டா தெரியுது.”

‘சரி அக்கா’ என்றால் முடிந்திருக்கும். ஆனால் எங்கள் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. பங்காரப்பேட்டை தாண்டியதும் பட்டிமன்றம் தொடங்கிவிடும். வங்கி ஊழியர் ஒருவர்தான் நிரந்தர நடுவர். அவர் டிபன் டப்பாவைத் தட்டினால் பேச்சை நிறுத்த வேண்டும்.

“இன்னா தலைவரே, தலைப்பு தானா வந்து நிக்குது!” என்றார் நடுவர். நான் எழுந்தேன்.

“நடுவர் அவர்களே! விளக்கைத் தலையில் தாங்கிச் சுரங்க ஷாஃப்டுக்குள் இறங்கியவர்களின் பேரன் நான். பூமியின் வயிற்றிலேயே ஒளியை அடக்காத பரம்பரை, பொதுச் சாலையில் அடக்கிக்கொள்ள வேண்டுமா?”

பெட்டி ஆர்ப்பரித்தது. நடுவர் அக்காவைப் பார்த்து, “நீங்க சொல்லுங்கம்மா” என்றார். அவர் மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

“எங்கப்பாவும் ஷாஃப்ட்ல வேல செஞ்சவருதான். எதுக்க ஆள் வந்தா தலையக் குனிஞ்சுக்குவாங்களாம். மூஞ்சில லைட் அடிக்கக் கூடாதுன்னு.”

அந்த ஒரு வரிக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும். மறுப்பு இல்லாத இடத்தில் சிரிப்பை எழுப்ப வேண்டும் என்பது நான் மேடையில் கற்ற வித்தை.

“அம்மையீர்! மனிதன் குனிவான். சைக்கிளுக்குக் குனியத் தெரியாதே!”

சிரிப்பு அடங்குமுன் டப்பா தட்டப்பட்டது. தீர்ப்பு என் பக்கம். அக்காவும் லேசாகச் சிரித்தபடி தம் இடத்துக்குப் போனார்.

மறுநாளிலிருந்து அவரைச் சாலையில் காணவில்லை. வாதத்தின் வலிமை அவருக்குப் புரிந்துவிட்டது என்றுகூட நினைத்தேன். அடுத்த வாரம், அவர் பக்கத்தில் வழக்கமாக உட்காரும் பெண் என்னைக் கதவருகே நிறுத்தினார்.

“நீங்க ஜெயிச்சதுல அவ சயனைடு மேட்டச் சுத்தி வர்றா, தெரியுமா? அந்த மண்ணுல காலு பொதையுது. இந்த வாரத்துல ரெண்டு வாட்டி ட்ரெய்ன விட்டுட்டா. இன்னொரு வாட்டி லேட்டானா மெஷின வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. இவள நூல் வெட்ட அனுப்பிடுவாங்க. பதினோரு வருஷம் காலர் தச்ச கை, தம்பி.”

அன்றிரவு மன்னிப்பை எழுதினேன். இருமுறை திருத்தினேன். எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே நிறுத்துவது என்று குறித்து மனப்பாடம் செய்தேன். மறுநாள் அவர் ரயிலில் இருந்தார். பங்காரப்பேட்டை தாண்டியதும் நடுவரிடம் அனுமதி பெற்று எழுந்து பேசினேன். “வென்ற வாதத்தை நானே திரும்பப் பெறுகிறேன்” என்று முடித்தபோது, முன்பைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். நான் கைதட்டல் ஓயும்வரை காத்து நின்றேன்.

ஓய்ந்ததும் அக்கா கேட்டார். “நல்லா பேசுனீங்க தம்பி. லைட்ட மாத்திட்டீங்களா?”

நான் இருக்கையில் உட்கார்ந்தேன்.

“மேட்டு மேலருந்து பாத்தேன். இன்னிக்கும் வெட்டி வெட்டித்தான் வந்துச்சு.”

அவர் குரலில் குத்தல் இல்லை. பார்த்ததைச் சொன்னார். சாலை நெடுக என் உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவனுக்கு, பொத்தானைத் தொட வேண்டும் என்ற நினைவே வரவில்லை.

அடுத்த நாள் விளக்கை நிலையாக எரியவிட்டேன். இறங்கித் தள்ளிக்கொண்டே போனேன். சாலையில் யாரும் வரவில்லை. என்னை நம்பி அவர் ஏன் வர வேண்டும்? ரயில் நகர்ந்த பிறகுதான் பிளாட்பாரத்தின் கோடியில் அவர் ஓடி வருவது தெரிந்தது. புடவைக் கரையெல்லாம் சாம்பல் நிற மண். தோழி கதவிலிருந்து கையை நீட்டினார். ரயில் வேகமெடுத்துவிட்டது.

இப்போது அக்கா நூல் வெட்டுகிறார். நூல் வெட்டும் ஹெல்பர்கள் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாதாம். அதனால் சுற்றி வந்து ரயிலை விட முடியாமல் நேர்ச் சாலையிலேயே வருகிறார். என் விளக்கு மின்னுவதில்லை. ஆனாலும் என்னைத் தொலைவில் கண்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறார். நான் ஸ்டேஷன் பக்கம் திரும்பிவிட்ட பிறகும் சற்று நேரம் மூடியபடியே நடக்கிறார். ‘அக்கா, நிலையாகத்தான் எரிகிறது’ என்று சொல்ல இத்தனை மாதமாகியும் எனக்கு வாய் வரவில்லை.