அப்பாவின் இரண்டு, பெரியப்பாவின் இரண்டு

புது டயருக்கு ஒரு வாசனை உண்டு. தீய்ந்த பாலில் மண்ணெண்ணெய் கலந்ததுபோல் தொண்டையில் வந்து ஒட்டிக்கொள்ளும் அந்த வாசனையைச் சிலர் ஆசையோடு முகர்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது குமட்டும். பதினொரு வயதில் ஒரு மழைக்காலம் முழுவதும் இரண்டு புது டயர்களோடு ஒரே அறையில் படுத்து எழுந்தவள் நான். என் போர்வையிலும் பாடசாலைச் சீருடையிலும் சோற்றுப் பெட்டியிலும்கூட அந்த வாசனை ஏறியிருந்ததால், வகுப்பில் எனக்கு "டயர் கடை" என்று பெயர் வைத்தார்கள்.

எங்கள் வீடு உடப்புசல்லாவை ரோட்டிலிருந்து தோட்டத்துப் பக்கமாக ஏறும் கல்பாதையின் முடிவில் இருந்தது. ஒரே கூரை, நடுவில் பலகைச் சுவர், இரண்டு குடும்பம். இந்தப் பக்கம் அப்பா, அம்மா, நான். அந்தப் பக்கம் அப்பாவின் அண்ணன், பெரியம்மா, என் வகுப்பில் என் பக்கத்திலேயே உட்காரும் அவர்கள் மகள் பவானி. அப்பா நுவரெலியாவில் ஆசிரியர். பெரியப்பா மலைச்சரிவுகளில் கோவா, லீக்ஸ் என்று காய்கறி வாங்கி டவுனுக்கு அனுப்பும் வியாபாரி. இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய டீசல் ஜீப் முற்றத்தில் நின்றது. மற்றவர்கள் அதைக் குடும்ப வண்டி என்றார்கள். நான் பார்த்தவரை, இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓட்ட முயன்ற வண்டி அது.

அந்த வருடம் மழை தொடங்கும்போது நான்கு டயரும் "மொட்டை"யாகிவிட்டன. டவுனில் ஒரு பொலிஸ்காரர் வண்டியை நிறுத்தி, இந்தச் சக்கரத்தோடு இன்னொரு முறை கண்ணில் படக்கூடாது என்று சிங்களத்தில் ஏசி அனுப்பினார். மாற்ற வேண்டும் என்பதில் அண்ணனும் தம்பியும் ஒத்துப்போனார்கள். அவர்கள் ஒத்துப்போனது அதோடு முடிந்தது.

பெரியப்பாவுக்கு வேண்டியது ஆழமாக வெட்டிய, சேற்றைக் கவ்வும் "பல்லு டயர்". அப்பாவுக்கு வேண்டியது மழையில் நனைந்த தாரில் வழுக்காத ரோட்டு டயர். இன்று இயந்திரப் பொறியியல் படித்தவளாகச் சொல்கிறேன்: அவரவர் பாதைக்கு அவரவர் கேட்டது சரி. ஆனால் பேச்சு பாதையைப் பற்றியதாக இருந்ததே இல்லை.

"சோக்குக்கட்டி பிடிக்கிறவனுக்குச் சேறு என்னான்னு தெரியுமா?" என்பார் பெரியப்பா.

"கோவா மூட்டைக்கு முதுகு வலிக்காதுண்ணே. பிள்ளைகளுக்கு வலிக்கும்" என்பார் அப்பா.

இரண்டு பாதைக்கும் ஓரளவு பொருந்துகிற, நடுத்தரமான மூன்றாவது வகை ஒன்று அப்போதும் கடையில் இருந்தது. அதை ஒருவர் முதலில் சொன்னால் மற்றவர் ஜெயித்ததாகிவிடும் என்பதால் இருவரும் அதன் பேச்சையே எடுக்கவில்லை. கடைசியில் ஒருநாள் காலையில் பெரியப்பா போய்த் தனக்குப் பிடித்ததில் இரண்டு வாங்கினார். அன்று மாலையே அப்பா போய்த் தனக்குப் பிடித்ததில் இரண்டு வாங்கினார். டயர்க்கடை முதலாளி, "ஒரே ஜீப்புக்கா, மாத்தயா?" என்று சிங்கள மரியாதையோடு கேட்டுச் சிரித்துவிட்டு, கேட்டதைக் கொடுத்து அனுப்பினாராம்.

வாங்கியாயிற்று, பூட்டவில்லை. ஏனென்றால் இருவருக்கும் பின் சக்கரமே வேண்டியிருந்தது. வண்டியைத் தள்ளுவது பின் சக்கரம், ஆகவே தன்னுடையது பின்னால் என்றார் பெரியப்பா. பிள்ளைகள் உட்காருவது பின்னால், ஆகவே தன்னுடையது பின்னால் என்றார் அப்பா. ஒருவர் டயரை மற்றவர் தொட்டுவிடுவாரோ என்ற பயத்தில் அவரவர் இரண்டையும் அவரவர் வீட்டுக்குள் உருட்டி வந்தார்கள். எங்களுடையவை என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றன. மழையில் காயாத துணிகளை அம்மா அவற்றின் மேல் விரித்தார்.

பெண்கள் நேருக்கு நேர் சண்டை போடவில்லை, ஜாடையில் போட்டார்கள். அம்மா பூனையிடம் சத்தமாகச் சொல்வார்: "ஏய், அந்தப் பக்கம் போகாத. பல்லு இருக்கிறதுக்குத்தான் அங்க மரியாதை." உடனே பலகைக்கு அப்பாலிருந்து பெரியம்மா தன் அடுப்பிடம் சொல்வார்: "இந்த அடுப்புக்கு வாயப் பாரேன். ஊதாமலேயே எரியுது!" இதைக் கேட்டுச் சிரித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பலகைச் சுவரில் ஒரு மரக்கணு விழுந்து ஓட்டையாகியிருந்தது. புது டயரில் முள்முள்ளாக ரப்பர் மயிர் நீட்டிக்கொண்டிருக்கும். நான் எங்கள் டயரில் பிடுங்கியதைப் பவானியிடம் ஓட்டை வழியாக நீட்டுவேன்; அவள் தங்கள் டயரில் பிடுங்கியதை எனக்கு நீட்டுவாள். அவளுடையது தடிப்பு, என்னுடையது மெல்லிசு. இரண்டையும் தீப்பெட்டியில் போட்டு வைத்தோம். அந்த வீட்டில் அந்தப் பருவத்தில் நடந்த ஒரே கொடுக்கல் வாங்கல் அதுதான்.

ஜீப் ஓடாததால் பவானியும் நானும் விடிவதற்கு முன்பே கல்பாதையில் இறங்கி ரோட்டுக்குப் போய் பஸ் பிடித்தோம். மழையில் நனைந்தால் எனக்கு இழுப்பு வரும். மார்கழி விடுமுறை தொடங்கிய அன்று, இந்தமுறை பூனையிடம் அல்லாமல் அப்பாவிடமே அம்மா சொன்னார்: "தை மாசம் பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்குள்ள வண்டி ஓடணும். இல்லாட்டி இவள றொசல்லவுக்கு அனுப்பிருவேன்." றொசல்லவில் அப்பாவின் தங்கை இருந்தார். அத்தை வீட்டு வாசலில் நின்றாலே ஸ்டேஷன் தெரியும். நனையாமல் ரயிலேறி ஹட்டனுக்குப் படிக்கப் போகலாம்.

"போகட்டுமே. டயர் வாசனையாச்சும் குறையும்" என்றது பலகைக்கு அப்பாலிருந்து பெரியம்மாவின் குரல்.

அன்று ஓட்டை வழியாகப் பவானி எதையும் நீட்டவில்லை. "நீ போய்ட்டா என் பக்கத்துல யாருடி உக்காருவா?" என்று மட்டும் கேட்டாள்.

விடுமுறையின் கடைசி நாட்களில் அப்பாவும் பெரியப்பாவும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொரு பௌர்ணமிப் போயா தினத்திலும் முன்னது பின்னாலும் பின்னது முன்னாலுமாக மாற்றுவது. முதல் முறை மூத்தவர் என்பதால் பெரியப்பாவுடையது பின்னால். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார். டயர்கள் அறையைவிட்டுப் போன இரவு நான் நன்றாகத் தூங்கினேன். றொசல்ல போகவேண்டியதில்லை என்று நினைத்தேன்.

பாடசாலை திறந்த அன்று காலையிலேயே பெரியப்பா காய்கறித் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். சேற்றில் ஏறுவதற்காக நான்கு சக்கரங்களையும் இணைக்கும் "ஃபோர்வீல்" கம்பைப் போட்டிருந்தார். திரும்பி வரும்போது அதை எடுத்துவிடவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான். நான்கு டயரும் சமமாகத் தேய்ந்திருந்த காலத்தில் வண்டி அதை எப்படியோ பொறுத்துக்கொண்டது. ஆனால் பல்லு டயர் ரோட்டு டயரைவிடச் சற்று உயரம். உயரமான சக்கரம் அதே தூரத்துக்குக் குறைவாகச் சுற்றும். முன்னையும் பின்னையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால் அந்த வித்தியாசம் எங்காவது போயாக வேண்டும். சேற்றில் சக்கரம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் வழுக்க முடியாது. உள்ளே இருக்கும் கியர் பெட்டிதான் முறுக்கைத் தாங்கவேண்டும்.

பெரியப்பா ஓட்டினார், அப்பா பக்கத்தில், நாங்கள் இருவரும் பின்னால். தார் ரோட்டில் ஏறியதும் பின் டயர்கள் ஊளையிட்டன.

"உங்க டயரு கத்துறதக் கேளுங்கண்ணே."

"கத்துறது இருக்கட்டும். ஸ்டியரிங் இழுக்குது. முன்னால யாரு டயரு?"

அப்பா பதில் சொல்ல வாயெடுத்தபோது வண்டிக்கு அடியில் "படார்" என்று ஒரு சத்தம். ஜீப் குலுங்கி வளைவிலேயே நின்றது. அடியிலிருந்து எண்ணெய் வழிந்து ரோட்டு மழைநீரில் நீலமும் சிவப்புமாகப் பரவியது. இருவரும் இறங்கினார்கள். பெட்டி உடைந்ததை யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அப்பா போய்ப் பின் டயரை உதைத்தார். பெரியப்பா போய் முன் டயரை உதைத்தார். பின்னால் வந்து நின்ற பஸ்ஸின் ஜன்னல்களெல்லாம் தலைகளாக இருந்தன.

உள்ளே பவானி என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "உங்கப்பா டயராலதான்."

"உங்கப்பா டயராலதான்" என்றேன் நான்.

அவள் இறங்கி அந்த பஸ்ஸில் ஏறிப் போனாள். நான் மழையில் மூச்சிழுத்துக்கொண்டு நின்றேன். அடுத்த ஞாயிறு அம்மா என்னை நானுஓயாவில் ரயிலேற்றினார்.

அத்தை நல்லவர். நான் நன்றாகவே படித்தேன், பல்கலைக்கழகம் போனேன். ஆகவே நடந்ததெல்லாம் நன்மைக்கே என்று சொல்கிற உறவினர்கள் உண்டு. அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அவர்கள் வீட்டுக்குப் போவதுமில்லை. சித்திரை விடுமுறைக்குத் திரும்பி வந்தபோது ஜீப் செங்கல்லின் மேல் நின்றது. அவரவர் இரண்டையும் அவரவர் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோயிருந்தார்கள். பலகை ஓட்டையை அந்தப் பக்கத்திலிருந்து யாரோ துணி வைத்து அடைத்திருந்தார்கள். அதன்பின் பவானியும் நானும் பேசிக்கொண்டது பெரியப்பாவின் சாவு வீட்டில்தான்: "எப்ப வந்த?" "இப்பதான்." அவ்வளவு.

போன வாரம் என் ஜீப்புக்கு டயர் மாற்ற நுவரெலியா போகும் வழியில் வீட்டில் இறங்கினேன். எந்தப் பாதை அதிகம், எவ்வளவு சுமை, எவ்வளவு மழை, டயர் எந்த வருடம் செய்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவுசெய்து வைத்திருந்தேன். நான்கும் ஒரே வகை. டயர் வாங்கப் போகிறேன் என்று கேட்டதும் அப்பா எழுந்துபோய், என் பழைய அறையில் இருந்த ஒரு துணியை இழுத்தார். அந்த இரண்டு டயர்கள். நான் பிடுங்காமல் விட்ட மயிர்கள் இன்னும் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஒரு நாள்கூட முழுசா ஓடல, புதுசு. இதப் போட்டுக்க. ரெண்டு வாங்குனாப் போதும்" என்றார்.

ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினேன். வெடிப்புகள் வாய் திறந்தன. "ஓடாட்டியும் ரப்பர் செத்துப்போகும்ப்பா."

அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "அப்ப எஞ்சினியரே சொல்லு. அன்னைக்கு வண்டிய உடைச்சது யாரு டயரு?"

"ரெண்டையும் சேர்த்துப் போட்டதுதான். உங்களது நாலு போட்டிருந்தா ஓடியிருக்கும். அவங்களது நாலு போட்டிருந்தாலும் ஓடியிருக்கும்."

அப்பா பலகைச் சுவரின் பக்கம் திரும்பினார். "கேட்டுச்சா?" என்றார் உரக்க. "என்னுது நாலு போட்டிருந்தா ஓடியிருக்குமாம். எஞ்சினியர் சொல்லுது!"

அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கிறது. பெரியம்மா பவானியோடு கொழும்புக்குப் போய்விட்டார். அடுப்பு இல்லை, பூனைகூட இல்லை. ஓட்டையை அடைத்த துணி மட்டும் நிறம் போய் அப்படியே இருந்தது. அப்பா தலையைச் சற்றுச் சாய்த்து நின்றார். பெரியப்பா இருந்திருந்தால் பதில் உடனே வந்திருக்கும்: மீதியையும் சொல்லுடா, அத ஏன் முழுங்குற? அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லாததால் நான் சொன்னேன்.

"அவங்களது நாலு போட்டிருந்தாலும் ஓடியிருக்கும்னும் சொன்னேன்ப்பா."

அப்பா டயர்களின் மேல் துணியை இழுத்து ஓரங்களைச் செருகினார்.

"நீ எப்பவும் அந்தப் பக்கந்தான்" என்றார்.