சட்டைப் பையில் ஒரு குட்டி ஸ்பீக்கர்

மற்ற மெஷினெல்லாம் பழசானால் நிற்கும். டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ஒன்றுதான் புதுசாக எதையாவது வாங்கிப் போட்டால் நிற்கும். அதை நம்பித்தான் அரியலூரில் கடை வைத்திருக்கிறேன். நீங்களும் ஒரு நாள் புது மெமரி, அதாவது ராம், போட்டுவிட்டு, பட்டனை அமுக்கிவிட்டு, கறுப்புத் திரையில் உங்கள் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தால், நீங்கள் நம்ம ஆள்தான்.

நான் எட்டாவது ஃபெயில். ரேடியோ, டேப்ரிக்கார்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன். திரையில் இங்கிலீஷில் நாலு வரி வந்தால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் திரையே வராதபோது படித்தவரும் நானும் ஒன்றுதான். அந்த நேரத்தில் உள்ளே இருக்கிற மதர்போர்டு பீப் சத்தத்தில் பேசும். ராம் சரியில்லை என்றால் ஒரு தினுசு, டிஸ்ப்ளே கார்டு சரியில்லை என்றால் இன்னொரு தினுசு. இப்போது வரும் கேபினெட்டில், அதாவது வெளிப்பெட்டியில், அதற்கான ஸ்பீக்கரை வைப்பதே இல்லை. அதனால் சுண்டைக்காய் அளவு ஸ்பீக்கர் ஒன்று எப்போதும் என் சட்டைப் பையில் கிடக்கும். போர்டில் செருகிவிட்டுக் காதைக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அது சொல்லும்.

போர்டு போச்சு

இவ்வளவு பேசுகிறவன் ஒரு தடவை மட்டும் காதைக் கொடுக்கவில்லை. ரெட்டிபாளையத்தில் அருள்சாமி வாத்தியார் என்று ஒருவர். ரிட்டயர் ஆனபிறகு பள்ளிக்கூடங்களுக்குக் கேள்வித்தாள் டைப் பண்ணிக் கொடுக்கிறார். பழைய கேபினெட் துருப்பிடித்துவிட்டதென்று புதுசு வாங்கி, எல்லாவற்றையும் தன் கையாலேயே மாற்றி மாட்டியிருந்தார். பட்டனை அமுக்கினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. அன்றைக்குக் கடையில் கூட்டம். ராமை மட்டும் கழற்றி மாட்டிப் பார்த்தேன். "போர்டு போச்சு சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறு வாரம் வந்தார். திருச்சியில் காட்டினாராம். கேபினெட்டுக்குள் போர்டைத் தாங்குவதற்குச் சின்னச் சின்னப் பித்தளைக் கால்கள் திருகியிருக்கும். அதில் ஒன்று வேண்டாத இடத்தில் நின்று, போர்டின் அடியில் முட்டி ஷார்ட் ஆகியிருக்கிறது. அதைக் கழற்றியதும் கம்ப்யூட்டர் ஓடிவிட்டது. வாத்தியார் கோபப்படவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்தப் பித்தளைக் காலை என் மேஜைமேல் எடுத்து நிறுத்தினார்.

"இது கடையிலயே இருக்கட்டும். அடுத்து வர்றவருக்கு உதவும்."

ராமுக்குச் சந்தனம்

வாத்தியார் அதற்கப்புறம் வரவில்லை. அந்தப் பித்தளைக் காலில் நூல் கோத்துச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் ஷட்டரைத் திறக்கும்போது கையில் படும். எத்தனையோ பேர் வருகிறார்கள். ஆனால் அந்த மனுஷன் ஒரு தடவை திரும்பி வந்து என் ஸ்டூலில் உட்கார வேண்டும் என்று மட்டும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்தேன். புதுசாக ஏதாவது போட்டு நின்றுபோன பெட்டி வந்தால் போர்டை வெளியே எடுத்து அட்டைமேல் கிடத்துவேன். பிராசசர், ஒரே ஒரு ராம், கரண்ட், என் ஸ்பீக்கர், அவ்வளவுதான். அது பேசியபிறகு ஒவ்வொன்றாகச் சேர்ப்பேன். அட்டைமேல் வைக்காமல் 'போர்டு போச்சு' என்ற வார்த்தை என் வாயில் வராது.

மீன்சுருட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற செல்வி அப்படித்தான் ஒரு பெட்டியைத் தூக்கிவந்தது. புது ராம் போட்டதாம், உசுரே வரவில்லையாம். அட்டைமேல் வைத்தேன். நீளமாக, விட்டு விட்டு, பசித்த குழந்தை மாதிரி கத்தியது. ராம்தான். கழற்றிப் பார்த்தால் தங்கக் கலர் பல்லெல்லாம் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கென்று வாங்கியதைச் சாமிகிட்ட வைத்துப் பொட்டு வைத்து, அப்படியே செருகிவிட்டிருக்கிறது. பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்துப் போட்டேன், ஓடிவிட்டது. "பொட்டு வைக்கறது தப்பில்லம்மா, வெளிய பெட்டி மேல வையி" என்றேன். செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தது.

"வேலை பாக்குறது உள்ள இருக்கறவரு, பொட்டு மட்டும் வெளிய இருக்கறவருக்காண்ணே?"

சவுதியிலிருந்து வந்த கார்டு

லெப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் சவுதியிலிருந்து லீவில் வந்திருந்தார். மகள் வீடு கட்டும் பிளான் போடப் படிக்கிறாள் என்று செங்கல் கனத்தில் ஒரு டிஸ்ப்ளே கார்டு கொண்டுவந்திருந்தார். துணிமணிக்கு நடுவில் வைத்து மடியிலேயே சுமந்துவந்தாராம். மாட்டியதும் கம்ப்யூட்டர் எழுந்து எழுந்து விழுகிறது. பாய்க்கு முகமே செத்துவிட்டது.

கார்டைக் கழற்றிவிட்டுப் போர்டை அட்டைமேல் வைத்தேன். ஒரே ஒரு சின்ன பீப், அதாவது 'நான் நல்லாத்தான் இருக்கேன்'. கார்டைப் போட்டால் மறுபடி விழுகிறது. கடையில் இருந்த பெரிய பவர் சப்ளையைக் கொடுத்தேன், கார்டு ஜம்மென்று எழுந்தது. "கார்டு நல்ல கார்டு பாய். பழைய பவர் சப்ளைக்கு அதுக்குச் சோறு போட வக்கில்ல" என்றேன். பாய் சிரித்தார்.

"அட, எங்க ரூமுல எட்டு பேருக்கு ஒத்த பிளக்கு, ஒருத்தன் இஸ்திரிப் பொட்டி சொருவுனா மொத்த ரூமும் இருட்டு, இத நான் அங்கயே படிச்சிட்டுல்ல வந்திருக்கேன்."

வாத்தியார் ஸ்டூல்

போன மாதம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் அருள்சாமி வாத்தியார். கையில் அதே கேபினெட். இருந்த டிஸ்கோடு புதுசாக இன்னொன்றும் போட்டாராம், அதிலிருந்து ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை. "திருச்சியில காட்டினேன். போர்டு போச்சுங்கறான். நீங்களும் அதையே சொல்லிட்டா தூக்கிப் போட்டுடறேன்" என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

போர்டை அட்டைமேல் கிடத்தி, ஸ்பீக்கரைச் செருகி, பட்டன் வயர் வரும் இரண்டு பின்னை ஸ்க்ரூ டிரைவரால் தொட்டேன். ஒரு சின்ன பீப். ராம் எல்லாம் போட்டேன், புது டிஸ்க் போட்டேன், ஓடுகிறது. சந்தோஷமாகக் கேபினெட்டுக்குள் மாட்டி முன்பக்கப் பட்டனை அமுக்கினேன். ஃபேன் மட்டும் சுற்றியது. பீப் இல்லை, ஒன்றும் இல்லை. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'போர்டு' என்ற வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சாவிக்கொத்தைப் பார்த்தேன், வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

வெளியே பேசுகிற போர்டு உள்ளே ஏன் பேசவில்லை? கேபினெட்டிலிருந்து போர்டுக்கு வரும் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ரீசெட் வயரைப் பிடுங்கியதுதான் தாமதம், பீப். கேபினெட்டைத் திருப்பி முகத்தைப் பார்த்தேன். பவர் பட்டனை மட்டும் விட்டுவிட்டு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி டேப் இழுத்து ஒட்டியிருந்தது.

"இது என்ன சார்?"

"வாசல்ல நாள் பூரா சிமெண்ட் லாரி. தூசி சந்து சந்தா உள்ள போவுது. அதான் டிஸ்க்கு போட்ட கையோட ஒட்டிட்டேன்."

"ரீசெட் பட்டனை அமுக்கிப் புடிச்சு ஒட்டிட்டீங்க சார். அது எந்திரிக்கப் பாக்குது, நாம மண்டையில தட்டித் தட்டி உக்கார வச்சிகிட்டே இருக்கோம்."

டேப்பை உரித்தேன். சின்னப் பட்டன் டக்கென்று வெளியே வந்தது. வயரைத் திரும்ப மாட்டி ஆன் பண்ணினேன். பீப். திரையில் அவருடைய கேள்வித்தாளெல்லாம் வரிசையாக வந்து நின்றது. வாத்தியார் திரையைப் பார்க்கவில்லை, என் சாவிக்கொத்தைத்தான் பார்த்தார். அப்புறம் கையை நீட்டினார்.

"அந்தப் பித்தளைக் காலக் குடுங்க, திருச்சி வரைக்கும் போயிட்டு வரேன். அங்க ஒருத்தருக்கு உதவும்."

நான் கொடுக்கவில்லை, எட்டாவது ஃபெயிலான எனக்கு இந்தத் தொழில் கொடுத்த சர்டிபிகேட் அது ஒன்றுதான், அதையும் திருச்சிக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு நான் எதைக் காட்டிக் கடை நடத்துவது?