குறுக்கே யாரும் வராத கடல்

கேரளாவிலிருந்து அந்தப் படகு ஒரு லாரியில் ஏறி வந்து சமயநல்லூரில் நின்ற காலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. வெள்ளையும் நீலமுமாக, ஏறக்குறைய ஒரு மினி பஸ் நீளத்துக்கு ஃபைபர் படகு. நாலாபுறமும் வயலும் செங்கல் சூளையுமாக இருக்கிற ஊரில் படகு வந்து நின்றால் கூட்டம் கூடாமல் என்ன செய்யும்? டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்துவிட்டார்கள். படகை வாங்கிய எங்கள் பஸ் டிரைவர் அண்ணனின் மனைவி ஆரத்தித் தட்டும் எலுமிச்சம்பழமுமாக வந்து நின்று, "டயரே இல்லையே, இத எங்கிட்டு வைக்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பழத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்து நசுக்கி, படகின் மூக்கில் தேய்த்துவிட்டு, "கெளம்பட்டும், வெயிலு ஏறுது" என்றார். லாரிக்காரர் என்னிடம் வந்து புலம்பினார். "தேனியில இருந்து உசிலம்பட்டி ரோட்டப் பிடிச்சு வாரேன்னு சொன்னேன். கேக்கவே இல்ல. வத்தலக்குண்டு வழியாத்தான் வரணும்னுட்டாரு." அண்ணன் ஏன் அப்படிச் சொன்னார் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் ஓட்டிய தனியார் பஸ்ஸில் ஒன்பது வருடம் நான் கண்டக்டர். மதுரைக்கும் உசிலம்பட்டிக்கும் இடையே ஒரு நாளைக்கு எத்தனை நடை அடிக்க முடியுமோ அத்தனை நடை. வேலை நேரத்தில் நாங்கள் முகம் பார்த்துப் பேசிக்கொண்டது குறைவு. கண்ணை மூடினால் எனக்குத் தெரிவது அவருடைய பிடரியும், அதில் போட்டிருக்கும் ஈரத் துண்டும்தான். பின்னாலிருந்து நான் ரெண்டு விசில் கொடுத்தால் வண்டி புறப்படும்; ஒரு விசில் கொடுத்தால் நிற்கும். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஆனால் அந்த விசிலை அவர் நம்பிய மாதிரி என்னை வேறு யாரும் நம்பியதில்லை. ரெண்டாவது விசில் முடிவதற்குள் கியர் விழுந்திருக்கும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால், உசிலம்பட்டிக்குள் நுழைகிற இடத்தில் ஒரு நிறுத்தம். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் முன்பக்கப் படியில் இறங்கினார். தோளில் ஒரு பை. எங்களுக்குப் பின்னால் இன்னொரு கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நெருங்கி வந்தது. அது முந்திவிட்டால் அடுத்த நிறுத்தத்துக் கூட்டம் முழுக்க அதற்குப் போய்விடும். நான் பின்வாசலில் நின்றபடி, முன்படி காலியாகிவிட்டது என்பதை மட்டும் பார்த்தேன். வெளியே தலையை நீட்டிப் பார்க்கவில்லை. ரெண்டு விசில் கொடுத்தேன். இறங்கியவர் பஸ்ஸின் மூக்கை ஒட்டியபடி சாலையைக் கடக்கத் தொடங்கியிருந்தார்.

ஸ்டேஷனில் விசாரித்தபோது நான் அண்ணன் பக்கத்தில்தான் நின்றேன். "கண்டக்டர் விசில் கொடுத்தானா?" என்று அதிகாரி கேட்டார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்காமல், "இல்ல சார். நானாத்தான் எடுத்துட்டேன்" என்றார். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். நான் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது அவர் கையைப் பிடித்தேன். "ரெண்டு பேரும் போயி உள்ள நிக்கணுமாக்கும்? ஒருத்தன் போதும். இத இதோட விட்டுரு" என்றார். வழக்கு இழுத்து இழுத்து முடிந்தது. அபராதம் போட்டார்கள், லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். அது திரும்பக் கிடைத்த பிறகும் அவர் ஸ்டீரிங்கைத் தொடவில்லை. சைக்கிள்கூட ஓட்டவில்லை. நான் மேலூர் தடத்துக்கு மாறிப் போனேன். இன்றுவரை ரெண்டாவது விசிலுக்கு முன்னால் என் மூச்சு ஒரு நொடி நின்றுவிடுகிறது. தூக்கத்தில் கால் உதறுகிறது என்கிறாள் என் மனைவி.

அண்ணன் நிலைமை இன்னும் மோசம். ஓர் இடத்தில் அவரால் உட்கார முடியவில்லை. விடிந்ததும் நடப்பார். சாப்பிட்டுக்கொண்டே எழுந்து வாசலுக்குப் போய் வருவார். டிவி பார்க்கும்போது இடது கால் கிளட்ச்சை மிதிக்கிற மாதிரி தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். வளைகுடாவில் இருக்கும் மகன், அப்பா இப்படி அலைவதைக் கேள்விப்பட்டு, ஒரு கார் வாங்கிக்கொள்ளச் சொன்னான். அண்ணன் போனில் படம் படமாகப் பார்த்துவிட்டுப் படகு வாங்கினார். தூண்டில் போட்டு விளையாட்டாக மீன் பிடிப்பதற்கென்றே செய்த படகு, ஸ்டீரிங் உள்ளது. ராமநாதபுரத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்தில் அதை நிறுத்தி வைத்தார். அங்கே ஒரு மீனவரிடம் இரண்டு மாதம் ஓட்டப் பழகினார். ஊரே கேலி பேசியது. நான் ஒரு நாள் நேராகவே கேட்டேன், "ஏண்ணே, மீனு கடையில கெடைக்காதா?" அவர் சொன்னார்: "கடல்ல எவனும் குறுக்க வர மாட்டான் மாப்ள."

முதல் தடவையாக மீனவர் துணையில்லாமல் தானே ஓட்டிப் போகலாம் என்று ஆனபோது என்னைக் கூப்பிட்டார். "நீ பின்னால நின்னாத்தான் எனக்கு ஓட்ட வரும்." அந்த வார்த்தைக்குப் பிறகு மறுக்க முடியுமா? ஒரு சனிக்கிழமை ரெண்டு நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். ராமநாதபுரம் பஸ்ஸில் முன்னால் இடம் இருந்தும் அவர் கடைசி சீட்டுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை. பிரேக் அடிக்கும்போதெல்லாம் அவர் பாதம் அழுந்துவதை நான் பார்த்துக்கொண்டே வந்தேன்.

தண்ணீரில் இறங்கியதும் வேறு மனிதர். என்னை ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைப் போடச் சொல்லி வார்களை இழுத்துக் கட்டினார். கரை ஒரு கோடாகி, பனைமரங்கள் தீக்குச்சிகளாகி, பிறகு அதுவும் மறைந்தது. நான் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவரோ ஸ்டீரிங்கை ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "பாத்தியா? ஸ்டாப்பிங் இல்ல, டைம் கீப்பர் இல்ல" என்று கத்தினார். பளபளக்கும் பிளாஸ்டிக் மீனைத் தூண்டிலில் மாட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு போனோம். மதியத்துக்குள் இரண்டு சீலா மீனும் ஒரு பாறை மீனும் கிடைத்தன. பாறை மீன் இழுத்த இழுப்பில் தூண்டில் கம்பு வில்லாக வளைந்தது. "விடாத, விடாத, லூசு விட்டு இழு" என்று அவர் குதித்த குதியில் படகு ஆடியது. அத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மீன் உள்ளே வந்து விழுந்ததும், அடுத்த நொடியே, "சரி, வா, இன்னும் அங்கிட்டுப் போவோம்" என்று இன்ஜினை முடுக்கினார். பிடித்ததைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா மிதக்க அவரால் முடியவில்லை.

சாயங்காலம் ஆளில்லாத மணல்கரையில் படகைக் கட்டிவிட்டு டென்ட் அடித்தோம். முளை மணலில் நிற்கவில்லை. காற்று ஒவ்வொரு தடவையும் துணியைப் பிடுங்கிக்கொண்டு போனது. கடைசியில் நாலு மூலையிலும் தண்ணீர் கேனை வைத்து நிறுத்தினோம். மீனைக் கல்லில் போட்டுப் பொரித்தேன். அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கரையோரமாக நடந்து நடந்து தின்றார். படகுக் கயிற்றைப் போய்ப் போய்ப் பார்த்தார். "உக்காருங்கண்ணே" என்றேன். "உக்காந்தா அந்த ஆளு வந்துர்றாரு மாப்ள" என்றார், ஏதோ டீ ஆறிவிட்டது என்கிற மாதிரி. நான் பொரித்துக்கொண்டிருந்த மீனைத் திருப்பிப் போட மறந்து ஒரு பக்கம் கருகிப்போனது.

மறுநாள் விடிந்ததும் மறுபடியும் கடலுக்குள் போய்விட்டு, வெயில் ஏறும் நேரத்தில் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வடகிழக்காக வந்ததால் சூரியன் நேர் எதிரே. தண்ணீர் முழுக்கத் தகரத் தகடு மாதிரி கண்ணைக் கூசவைத்தது. கரை நெருங்க நெருங்க அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. நான் முன்பக்கம் போய் நின்று, நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச தூரத்தில் ஒரு நைலான் பை தண்ணீரில் மிதந்தது. குப்பை என்று நினைத்தேன். அதன் பக்கத்தில் தண்ணீர் கலங்கி, கறுப்பாக ஒன்று மேலே வரத் தொடங்கியது.

கத்தினால் இன்ஜின் சத்தத்தில் கேட்காது. மிதவைச் சட்டையின் தோளில் ஒரு சின்ன விசில் கட்டியிருந்தது. அது எப்படி என் வாய்க்கு வந்தது என்று தெரியாது. ஒரே விசில், நீளமாக.

அவர் என்ன ஏது என்று பார்க்கவில்லை. விசில் காதில் விழுந்த மறுகணம் கை இன்ஜினை அணைத்துவிட்டது; ஸ்டீரிங்கை ஒடித்துவிட்டார். படகு ஒருபக்கமாகச் சாய்ந்து, நான் உள்ளேயே விழுந்து, தூண்டில் கம்பு கடலுக்குள் போனது. நிமிர்ந்து பார்த்தபோது, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீருக்கு மேல் ஒரு பெண்ணின் தலை. கண்ணில் நீச்சல் கண்ணாடி, சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, விரலெல்லாம் துணி சுற்றியிருந்தது. கடல்பாசி எடுக்க மூழ்கியிருந்தவர். அப்பால் இன்னும் நாலைந்து தலைகள் எழுந்தன.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்த அம்மா சத்தம் போட்டார். "ஏய்யா, கண்ணத் தொறந்துதான் ஓட்டுறியா? எங்கவூட்ல மூணு பிள்ளைக கெடக்கு. கரையோரத்துல ஆளு மூழ்கிக் கெடக்குமின்னு தெரிய வேணாம்?" அண்ணன் படகின் ஓரத்தில் மண்டியிட்டார். ரெண்டு கையையும் கூப்பினார். "தப்புத்தான் தாயி. எம்மேலதான் தப்பு. மன்னிச்சுக்க தாயி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த அம்மாவுக்கே என்னவோ போலாகிவிட்டது. "சரி, சரி, ஒண்ணும் ஆகலையில்ல. எந்தூருக்காரக நீங்க?" என்று கேட்டார். மதுரைப் பக்கம் என்றேன். "அதான்" என்று சொல்லிவிட்டுப் பையை இழுத்துக்கொண்டு மறுபடி மூழ்கிப்போனார்.

இன்ஜினைப் போடாமல் படகை அப்படியே மிதக்க விட்டோம். முதல் தடவையாக அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடலைப் பார்த்தபடி சொன்னார்: "ஒத்த விசிலு. அன்னிக்கு இந்த ஒத்த விசிலக் குடுத்திருந்தா என்னடா?"

ஐந்து வருடமாக அவர் அதைக் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். கேட்ட பிறகு, பயத்தைவிட அது லேசாக இருந்தது. அவர் என்னைக் காப்பாற்றியது உண்மை. என்மேல் கோபமாக இருந்ததும் உண்மை. ரெண்டையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு அவர் நடந்த நடையைத்தான் நாங்கள் எல்லோரும் வயசான காலத்துக் கிறுக்கு என்று சிரித்திருக்கிறோம். "நான் அந்தப் பெரியவரு வீட்டுக்குப் போயிச் சொல்லிர்றேன்ணே" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தனியாப் போவாத. நானும் வாரேன்."

போன மாதம்தான் போனோம். மதுரையில் ஏறி, அதே உசிலம்பட்டி ரோட்டில். இந்தத் தடவை அவர் முன் சீட்டில், டிரைவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். அந்த நிறுத்தம் வந்தபோது கம்பியைப் பிடித்த கை வெளுத்ததே தவிர கண்ணை மூடவில்லை. உசிலம்பட்டியில் இறங்கி, ஊர் விசாரித்து நடந்தோம். இறந்தவரின் மனைவி மாட்டுக்குச் சோளத்தட்டை போட்டுக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மாறியது. "கோர்ட்டுல பாத்திருக்கேன்" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

நின்றபடியே நான் சொன்னேன். விசில் கொடுத்தது நான், வெளியே பார்க்காமல் கொடுத்தேன், பின்னால் வந்த பஸ்ஸுக்குப் பயந்து கொடுத்தேன், ஸ்டேஷனில் வாயைத் திறக்கவில்லை என்று எதையும் விடாமல் சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தார். "அஞ்சு வருசமா வெளக்கு வைக்கிறப்பல்லாம் இவரத்தான் வைஞ்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "எம்பேர்லயும் தப்பு உண்டும்மா. நானும் பாத்திருக்கணும்" என்றார். அந்த அம்மா குனிந்து இன்னும் ஒரு கை தட்டையை அள்ளினார். எங்களைப் போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். போலீஸுக்குப் போவேன் என்றாலும் சரி என்றுதான் வந்திருந்தேன்.

அவர் கையிலிருந்த தட்டையைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் வந்தார். "நீதானே டிக்கெட்டுப் போட்ட? அவருக்கு மொழங்காலு ரொம்ப நேரம் நிக்காது. அன்னிக்கு உக்காந்து வந்தாரா, நின்னுக்கிட்டே வந்தாரா?"

ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நடை எனக்கு ஆள் ஆளாக, சீட்டுச் சீட்டாக நினைவிருந்தது. "செக்கானூரணி வரைக்கும் நின்னுதாம்மா வந்தாரு. அங்க ரெண்டு பேரு எறங்குனாக. அதுக்கப்புறம் ஜன்னலோரமா எடம் கெடைச்சுச்சு. உக்காந்துதான் வந்தாரு."

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஜன்னலோரமா," என்றார். "அப்ப காத்து வந்திருக்கும்."