டவுனுக்குப் போகிறவர்களிடம் ஒன்றும் கேட்காதவள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யார் ரிங்லெட் டவுனுக்குக் கிளம்பினாலும் வாசலுக்கு வாசல் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "டவுனுக்குப் போறேன், என்ன வேணும்?" என்று குரல் கொடுப்பார்கள். வீட்டில் தீர்ந்துபோனதைப் பால், வெங்காயம் என்று சொல்லிவிடுவோம். பக்கத்து வீட்டு அம்சவல்லி மட்டும், "ஒன்னும் வேணாங்க" என்பாள்.

புருஷன் சிங்காரம் இறந்த பிறகு கிள்ளான் பட்டணத்திலிருந்து தனியாக இந்த மலைக்கு ஏறி வந்தவள். என்னோடுதான் தேயிலை வெட்டும் மெஷின் பிடிக்கிறாள். உப்புத் தீர்ந்தால்கூடத் தானே நடந்து போய் வாங்கி வருவாள். என்ன ராங்கி பாருங்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் வேலைக்காட்டிலேயே கேட்டுவிட்டேன்.

"ஏன்டி, எங்க கையால வாங்கிட்டு வந்தா உனக்கு ஆகாதா லா?"

மெஷினைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு நல்ல மழைக்கா. கறிக்குத் தேங்கா இல்லன்னு நான்தான் கத்தினேன். மழை விடட்டும்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, நான் கேக்கல. மோட்டார எடுத்துட்டுப் போனவர லோரி அடிச்சிருச்சு. ஆள் வந்து சொல்ற வரைக்கும், எங்க போய்த் தொலைஞ்சாருன்னு திட்டிக்கிட்டே இருந்தேன்க்கா."

என் வாயில் மண்ணைப் போட! அதன் பிறகு நான் அவளைக் கேட்கவே இல்லை.

இந்த வருஷம் சிங்காரத்தின் திவசத்துக்கு முந்தின நாள் சரிவில் வழுக்கி அவள் கணுக்கால் வீங்கிவிட்டது. மறுநாள் படையலுக்குத் தேங்காய் வேண்டுமே! காலை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள் மகராசி. பாதைக்கு வருவதற்குள் வலி தாங்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் போய்ட்டு வந்துடுறேன் தங்கச்சி" என்றார் என் வீட்டுக்காரர் இராமையா.

"வேணாம்ண்ணே, வானம் இருட்டிக்கிட்டு வருது."

"அப்ப அந்த மனுஷனுக்குத் தேங்கா இல்லாத படையலா?" என்று நான்தான் வெடுக்கென்று கேட்டேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. பிறகு மெல்லச் சொன்னாள்: "ஒரே ஒரு தேங்கா வாங்கிட்டு வாங்கண்ணே. மெதுவா போங்க. மழை வந்தா எங்கயாச்சும் ஒதுங்கி நில்லுங்க."

அவர் போன கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. அம்சவல்லி என் வீட்டு வாசலை விட்டு நகரவில்லை. பாதையில் லோரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கையை இறுக்கினாள்.

"அண்ணனையும் அனுப்பிட்டேனேக்கா."

"வாய மூடுடி" என்று அதட்டினேன். ஆனால் நானும் பாதையைத்தான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை விட்ட பிறகுதான் மனுஷன் ஆடி அசைந்து வந்தார். ஒரு சொட்டு நனையவில்லை. டீக்கடையில் ஒதுங்கி நின்றாராம், டீயும் குடித்தாராம். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அம்சவல்லி தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு விம்மத் தொடங்கிவிட்டாள்.

"அதான் அண்ணன் வந்துட்டாருல்ல, இன்னும் ஏன்டி அழற?"

"மழை வந்தா ஒதுங்கி நில்லுங்கன்னு ஒரு வார்த்தை, அக்கா. அவர்கிட்ட நான் அதைச் சொல்லலையே."