பெயின்ட் அடித்து மறைத்த துரு

நான் மாமல்லபுரம் கடற்கரை விடுதிகளில் பெயின்ட் அடிக்கிறவன். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். போன கோடையில் ஒரு விடுதியில் கழற்றிப் போட்ட பழைய ஏசியைக் குறைந்த விலைக்கு வாங்கி, திருக்கழுக்குன்றத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டில் மாட்டினேன்.

மாட்ட வந்த மெக்கானிக், வெளிச்சுவரில் ஏசியின் வெளிப்பெட்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டைப் பார்த்து, "அண்ணாத்த, உப்புக் காத்துல துரு புட்சிக்கினு கீது. புதுசு வாங்கிடு" என்றார்.

"பெயின்ட் அடிச்சா நின்னுடும்பா" என்றேன். துருவை மறைப்பது எனக்குக் கைவந்த வேலை. இரண்டு கோட்டிங்கில் ஸ்டாண்ட் புதிதுபோல் ஆகிவிட்டது.

கீழ் வீட்டு செல்வி அக்கா தினமும் அந்த ஏசிக்கு நேர் கீழே, சுவர் நிழலில் உட்கார்ந்து பூ கட்டுவார். ஒரு மதியம் நூல் தீர்ந்துபோய், எடுக்க உள்ளே போனார். அந்த நேரத்தில் ஸ்டாண்ட் முறிந்து ஏசியின் வெளிப்பெட்டி விழுந்தது. நான் ஓடி இறங்கியபோது மல்லிகைப் பூவெல்லாம் அதன் அடியில் நசுங்கிக் கிடந்தது.

"இன்னாப்பா, என்னைக் கொல்றதுக்கா மேலேர்ந்து மிஷின வுடுற?" என்று அக்கா சிரித்தார்.

துருவை மறைத்தது நான்தான் என்று அவரிடம் இன்னும் சொல்ல முடியவில்லை. மல்லிகை வாசனை வந்தாலே பெட்டி விழுந்த அந்தச் சத்தம் காதில் விழுகிறது.

அடுத்து மின்சாரம் மிச்சமாகும், அதிக ஸ்டார் உள்ள புது ஏசியும் புது ஸ்டாண்டும் வாங்கினேன். விடுதிகளில் இப்போது ஸ்டாண்டைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறேன். இரும்பு உதிர்ந்தால், முதலாளிகளிடம் வாய் திறக்கவே கூசுகிற நான், "இதுக்குப் பெயின்ட் அடிக்க மாட்டேன் சார்" என்று சொல்லிவிடுகிறேன்.