அக்காவின் குரலுக்கு ஒரு ஹெட்செட்

நம் காதில் விழுவது எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியும். நாம் பேசுவது மறுமுனையில் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது நமக்கு எப்படித் தெரியும்? அந்த வாரம் அக்கா இதைக் கேட்டாள். "எல்லாம் கேக்கும், நீ பேசு" என்று சமாளித்துவிட்டேன்.

அக்காவுக்கு வேலை கிடைத்தும் கிடைக்காத நேரம் அது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கியதால் அந்த வேலையை விட்டிருந்தாள். பல் மருத்துவமனைகளுக்கு வரும் அழைப்புகளை வீட்டிலிருந்தே எடுத்து, நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை ஒன்று வந்தது. முதல் வாரம் சோதனை. மேற்பார்வை பார்க்கும் மேடம் நடுநடுவே அழைப்புகளை ஒட்டுக் கேட்பார். திருப்தி என்றால் வேலை. இல்லையென்றால் கணினியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கணினி அவர்களுடையது. ஹெட்செட்டை நாம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

துணிக்கடையில் அக்காவுக்கு நல்ல பெயர். எந்த வாடிக்கையாளரிடமும் குரலை உயர்த்த மாட்டாள். அது கடையில் பழகியதல்ல, வீட்டில் பழகியது. அப்பா ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர், அடுப்பு முன் நிற்பவர். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம் வரை தூங்குவார். எங்களுடையது ஒரே அறை. நடுவில் ஒரு திரைச்சீலை. ஒருமுறை பகலில் சரியாகத் தூங்காமல் வேலைக்குப் போய், அசதியில் சூடான தட்டை வெறுங்கையால் பிடித்துவிட்டார். உள்ளங்கை வெந்துபோனது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பகலில் சத்தமே கிடையாது. குழாய்க்கு அடியில் துணி போட்டு வைப்போம், சொட்டுச் சொட்டென்று கேட்கக் கூடாது என்று. அழைப்புமணியின் வயரை அம்மாவே பிடுங்கிவிட்டாள். அக்காவும் நானும் சண்டை போட்டால்கூட வெறும் காற்றுக் குரலில்தான். அக்கம்பக்கத்தில் எங்களை ரொம்ப ஒற்றுமையான பிள்ளைகள் என்று சொல்வார்கள்.

பள்ளி முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நான் வீட்டில் இருந்தேன். நண்பர்களோடு போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடுவேன். அதனால் ஹெட்செட் விஷயத்தில் வீட்டில் நான் சொன்னதுதான் சட்டம். பகலில் அக்காவின் வேலை, ராத்திரியில் என் விளையாட்டு, இடையில் அவளுக்குப் பாட்டு: இந்த மூன்றுக்கும் சேர்த்து, விலை குறைந்த கேமிங் ஹெட்செட் ஒன்றே போதும் என்று தீர்மானித்தேன். இரண்டு நாள் வீடியோக்கள் பார்த்தேன். எல்லோரும் பாஸ் அதிர்வு எப்படி, விளையாட்டில் எதிரியின் காலடிச் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்றே பேசினார்கள். மைக்கைப் பற்றி ஒரு வரிதான் சொன்னார்கள்: வெளிச்சத்தம் வராது.

அது எங்களுக்குப் போதுமாக இருந்தது. ஜன்னலுக்குக் கீழே பேருந்து நிற்கும் சாலை. தவிர, அப்பாவின் குறட்டை. "அந்தக் குறட்டை மேடம் காதுல விழுந்தா ஆபீஸ்ல மாடு கட்டியிருக்கியான்னு கேப்பாங்கடா" என்றாள் அக்கா.

கடைத்தெருவில் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க விடுவதால் அந்தக் கடைக்காரருக்கு டெமோ அண்ணன் என்றே பெயர். இரண்டு செட் எடுத்து வைத்தார். முதலாவது ஒரு காதுக்கு மட்டும் வைப்பது, அலுவலகங்களில் போடுவது. அதில் என் குரலைப் பதிவு செய்து போட்டார். பின்னால் பேருந்து, ஹாரன், பக்கத்துக் கடை மிக்ஸி எல்லாம் சேர்ந்து கேட்டது. அடுத்தது கேமிங் செட். விளையாட்டில் கத்துவது போலவே, பின்னால் ஆள் வருகிறான், குனி, குனி என்று கத்தினேன். திருப்பிப் போட்டால் என் குரல் மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தது. பேருந்து போன இடம் தெரியவில்லை.

அக்கா தானும் ஒரு தடவை பேசிப் பார்க்கட்டுமா என்று தயங்கினாள். கடையில் கூட்டம். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"தம்பி பேசினதே போதும்மா. மைக்குக்கு அக்கா தம்பி வித்தியாசமெல்லாம் தெரியாது" என்றார் டெமோ அண்ணன்.

எல்லோரும் சிரித்தோம். வாங்கிவிட்டோம்.

சோதனை தொடங்கிய அன்றே கோளாறும் தொடங்கியது. அக்கா வணக்கம் சொல்வாள், பெயர் கேட்பாள், கொஞ்ச நேரத்தில் மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்பார்கள். அவள் சொன்னதையே திரும்பச் சொல்வாள். சிலர் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். நான் மோடத்தை ஜன்னலோரம் மாற்றினேன். வயரைக் கழற்றி மாட்டினேன். ராத்திரி விளையாடும்போது நண்பர்களிடம் கேட்டால், சூப்பராகக் கேட்கிறது, கொஞ்சம் மெதுவாகக் கத்து என்றார்கள். அப்படியென்றால் செட்டில் குறையில்லை. வேறு எதில்? அக்கா சாப்பாட்டைக் குறைத்தாள். நகத்தைக் கடித்தாள். வாரம் முடிய ஒரு நாள் இருக்கும்போது மேடம் கூப்பிட்டு, நீங்கள் எடுக்கும் அழைப்புகளில்தான் அதிகமான பேர் பாதியில் துண்டித்துவிடுகிறார்கள், நாளைக்கும் இப்படியே இருந்தால் கஷ்டம் என்று சொல்லிவிட்டார்.

கடைசி நாள் காலை. வேலை தொடங்கும் முன் செட்டைத் தன் போனில் மாட்டி எனக்கு அழைக்கச் சொல்லிவிட்டு, நான் படிக்கட்டில் போய் நின்றேன். அவள் வழக்கமாகப் பேசுவதைப் பேசினாள். பாதி வந்தது, பாதி வரவில்லை. சரியாகவே கேட்கவில்லை என்றேன். அவளுக்கு அழுகை வந்து, தன்னை மறந்து குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"நான் இதுக்கு மேல என்னதான்டா பண்றது?"

அது மட்டும் முழுசாக, கண்ணாடி மாதிரி வந்து விழுந்தது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த மைக் கத்துகிறவர்களுக்காகச் செய்தது. சத்தமாக வருவதுதான் பேச்சு. மெல்லமாக வருவதெல்லாம் வெளிச்சத்தம் என்று அடைத்துவிடுகிறது. எங்கள் வீட்டுக் குரலை அது பேச்சு என்றே எடுத்துக்கொள்ளவில்லை.

ஓடிவந்து சொன்னேன், காற்றுக் குரலில்தான். வேலை தொடங்க நேரமாகிவிட்டது. டெமோ அண்ணன் கடை திறந்திருக்காது. அக்கா திரைச்சீலையைப் பார்த்தாள். சத்தமாகப் பேசினால் வேலை கிடைக்கும். அப்பா எழுந்துவிடுவார், ராத்திரி அதே அடுப்பின் முன் நிற்பார். அவருடைய கை எங்கள் இருவர் கண்முன்னும் வந்தது. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அக்கா செட்டைக் கழற்றினாள்.

அப்போது திரைக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஒரு வாரமா அங்க என்ன குசுகுசுன்னு?"

அப்பா திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"நீங்க ரகசியம் பேசினா என்னமோ ஏதோன்னு காது அங்கேயேதான் கிடக்கு. எங்கேம்மா தூங்கறது? ஃபேக்டரியில மெஷின் பக்கத்துல உக்காந்தே நான் ஒரு தூக்கம் போட்டுடுவேன். நீ வாயத் திறந்து பேசு."

நம்பிக்கை இல்லாமல்தான் அக்கா முதல் அழைப்பை எடுத்தாள். குரல் நடுங்கியது, ஆனால் உயர்ந்தது. எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு அது புதிது. எனக்குமே அது யாரோ போலிருந்தது. மறுமுனையில் ஒரு பெரியவர் தன் பல்வலியின் வரலாற்றைச் சொல்ல, அக்கா சத்தமாகக் கேள்வி கேட்டு, சத்தமாக நேரம் குறித்தாள். யாரும் ஹலோ ஹலோ என்று கேட்கவில்லை. நான் அப்பாவின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு முன் குறட்டை கிளம்பியது. அக்கா பதறி மைக்கைக் கையால் மூடினாள். அந்தக் குறட்டையில் ஒரு துளிகூட மறுமுனைக்குப் போகவில்லை என்பது சாயங்காலம் மேடத்திடம் சுற்றிவளைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது.

மேடம் உடனே வேலை தரவில்லை. ஒரு நாள் நன்றாக இருந்தால் போதாது, இன்னும் ஒரு வாரம் பார்க்கிறேன் என்றார். அந்த வாரமும் அக்கா சத்தமாகவே பேசினாள். அதன் முடிவில் கணினியைத் திரும்பக் கேட்கவில்லை. அப்பா ராத்திரி வேலைக்குக் கிளம்பும்போது, அவர் கையில் புதுக் காயம் இருக்கிறதா என்று அக்கா இன்னும் பார்க்கிறாள்.

வீட்டிலிருந்து பேசும் வேலைக்கு ஹெட்செட் தேடும் யாராவது உங்களுக்குத் தெரிந்திருப்பார்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். யார் பேசப் போகிறார்களோ அவரே, வீட்டில் பேசுகிற அதே குரலில், கடையில் பேசிப் பார்க்கட்டும். கூட்டம் பார்த்தால் பார்க்கட்டும்.